பந்தியை விட்டு எழுந்த இருவர்

பாரிஸுக்கு நான்கு நாள் விடுமுறையில் போகும் தம்பதியின் ஒரு நாள் எப்படிக் கழியும் என்பதை அந்த ஊரைப் பார்க்காதவர்கூடச் சொல்லிவிடுவார். காலையில் லூவ்ர் அருங்காட்சியகம், மதியத்துக்குப் பிறகு சேன் நதியில் படகு, பொழுது சாயும் நேரத்தில் ஐஃபல் கோபுரம், இரவில் வெள்ளை விரிப்பு போட்ட ஒரு சின்ன மேசை, எதிரெதிரே இரண்டு நாற்காலி. இது ஏன் இப்படி என்று கேட்டால், பாரிஸ் காதலர்களின் நகரமல்லவா என்று பதில் வரும். அது விளக்கம் ஆகாது. பட்டம் சூட்டுவது மட்டுமே. 18ஆம் நூற்றாண்டுப் பாரிஸ் சேற்றுக்கும் சாக்கடை நாற்றத்துக்கும் பேர்போன ஊர். இருவர் கைகோத்து உலாவ அங்கே நல்லதொரு நடைபாதைகூட அரிது. அந்த ஊர் தம்பதிகளின் ஊராக மாறியதற்கு அதன் வானமோ நதியோ காரணமில்லை. நீளமாகக் கிடந்த ஒரு சாப்பாட்டு மேசை துண்டு துண்டானதுதான் காரணம் என்பது என் கட்சி. ஊர் பார்ப்பது பழைய வழக்கம். அன்னியர் ஒருவர் இன்னொரு அன்னிய ஊரில், தன் துணையோடு மட்டும், தான் விரும்பிய நேரத்தில், விலை தெரிந்து உட்கார்ந்து சாப்பிடலாம் என்பதுதான் புதிது. அது வந்த பிறகுதான் ஊர் பார்ப்பது இருவருக்கான விடுமுறையாக மாறியது.

அதற்கு முன்பு என்ன இருந்தது? பிரெஞ்சில் ‘தாப்ல் தோத்’ என்பார்கள். விடுதிக்காரரின் மேசை என்று பொருள். நமக்குப் புரியும்படி சொன்னால் பந்தி. குறித்த மணிக்கு ஒரே நீள மேசையில் எல்லோரும் உட்கார வேண்டும். வைப்பதைச் சாப்பிட வேண்டும். ஆளுக்கு ஒரே விலை. பாரிஸ் வாழ்க்கையைப் பல தொகுதிகளில் எழுதிவைத்த லூயி-செபாஸ்தியன் மெர்சியே, 1780களில் இந்தப் பந்தியைப் பற்றிச் சலிப்போடு எழுதியிருக்கிறார். அன்றாடம் வரும் வாடிக்கையாளர்கள் நடுவில் இடம் பிடித்து நல்ல துண்டுகளை வாரிக்கொள்வார்கள். வெளியூர்க்காரன் ஓரத்தில் உட்கார்ந்து காலித் தட்டைப் பார்ப்பான். பந்திக்கு முந்து என்ற நம் பழமொழிக்கு உரை எழுதியதுபோல இருக்கும். பிரெஞ்சுப் புரட்சிக்குச் சற்று முன்னும் புரட்சியின்போதும் பிரான்ஸைச் சுற்றிவந்த ஆங்கிலேய வேளாண்மை எழுத்தாளர் ஆர்தர் யங்குக்குக் குறை வேறு: அந்த மேசைகளில் யாரும் வாய் திறந்து பேசுவதே இல்லை என்று நொந்துகொண்டார். முன்பின் தெரியாத ஆண்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு அவசரமாக விழுங்கும் இடம் அது. அங்கே ஒரு கணவனும் மனைவியும் தமக்குள் பேசிக்கொள்ள வழியே இல்லை. பந்தி வேண்டாமென்றால் சமையல்காரர் சங்கத்தைச் சேர்ந்த ‘த்ரெத்தர்’களிடம் சொல்லி அறைக்கு வரவழைக்கலாம். ஆனால் அவர்கள் விருந்துக்குச் சமைப்பவர்கள். தங்கியிருக்கும் இருவருக்கு வேண்டியது ஒரு கோழிக்கால், வருவதோ முழுக்கோழி.

இந்த நிலையை மாற்றியது காதல் அல்ல, நோய். ரெஸ்டாரண்ட் என்ற சொல் முதலில் ஒரு கடையைக் குறிக்கவில்லை. ஒரு சாற்றைக் குறித்தது. இறைச்சியை நெடுநேரம் கொதிக்கவைத்து இறக்கிய, உடம்பைத் தேற்றும் சூப்புதான் ‘ரெஸ்தோரான்’. நெஞ்சு பலவீனமானவர்கள், இரவில் கெட்டியாகச் சாப்பிட முடியாதவர்கள் குடிப்பது. இந்தச் சாற்றை விற்ற பூலாஞ்ஜே என்பவர் 1765இல் முதல் ரெஸ்டாரண்டைத் திறந்தார், ஆட்டுக்கால் குழம்பு விற்றதற்காகச் சமையல்காரர் சங்கம் அவர்மேல் வழக்குப் போட்டது, அவர் வென்றார் என்ற கதை நூறு புத்தகங்களில் இருக்கிறது. வரலாற்றாசிரியர் ரெபெக்கா ஸ்பாங் ஆவணங்களில் தேடிப்பார்த்து, அப்படியொரு வழக்குக்குச் சான்றே இல்லை என்று காட்டினார். அவர் கண்டெடுத்த ஆள் மத்துரேன் ரோஸ் தெ ஷாந்துவாசோ. 1766 வாக்கில் தொழிலைத் தொடங்கி, பிறகு தானே ஒரு வணிகக் கையேடு அச்சிட்டு, அதில் தன் கடைக்குத் தானே விளம்பரம் போட்டுக்கொண்ட சாமர்த்தியசாலி. யார் முதல்வர் என்பதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. நோயாளியைப் பந்தியில் உட்காரவைக்க முடியாது. அவருக்குப் பசிப்பது மணியடிக்கும்போது அல்ல. அவர் உணவு பக்கத்து ஆளின் உணவு அல்ல. ஆகவே எந்நேரமும் திறந்த கடை, தனி மேசை, அவரவர் உடம்புக்கு ஏற்றதைக் கேட்டு வாங்கும் வசதி ஆகிய மூன்றும் மருந்துக்குத் துணையாக வந்தன. இன்று மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் இருவர் சாய்ந்து பேசும் அந்த மேசையின் பாட்டன் ஒரு நோயாளியின் மேசை.

சூப்புக் கடை சாப்பாட்டுக் கடையாக வளர இருபது ஆண்டுகள்கூட ஆகவில்லை. அரச குடும்பத்துச் சமையலறையிலிருந்து வந்த அந்துவான் பொவிலியே 1780களில் திறந்த கடையில் நல்ல விரிப்பு, நல்ல பணியாள், நிலவறை நிறைய ஒயின் எல்லாம் இருந்தன. 1825இன் இறுதியில் வெளியான தன் சுவைநூலில் பிரியா-சவரேன் அவரை வாயாரப் புகழ்கிறார். 1784இல் ஓர்லேயான் குடும்பம் தன் அரண்மனைத் தோட்டத்தைச் சுற்றி வளைவுத் தாழ்வாரங்கள் கட்டி வாடகைக்கு விட்டது. பலே ரோயால் என்னும் அந்த இடத்தில் நகைக்கடை, புத்தகக்கடை, நாடகக் கொட்டகை, சூதாட்டம், ரெஸ்டாரண்ட் எல்லாம் மழையில் நனையாமல் நடந்துபோகும் தூரத்தில் கிடைத்தன. பார்ப்பதும் சாப்பிடுவதும் ஒரே கூரையின்கீழ் சேர்ந்த முதல் இடங்களில் ஒன்று அது. இன்றும் அங்கே இருக்கும் கிராந்த் வேஃபூர், 1784இல் ஒரு காபிக்கடையாகப் பிறந்ததுதான். இந்தக் கடைகளின் பெரிய புதுமை எந்தச் சாஸும் அல்ல, ‘கார்த்’ என்னும் விலைப்பட்டியல். பந்தியில் மொத்தத்துக்கு ஒரு விலை. இங்கே ஒவ்வொரு தட்டுக்கும் தனி விலை. அவள் மீன், அவன் வாத்து, இருவரும் பாதிப் பாட்டில் ஒயின் என்று முடிவெடுக்கலாம். பில் எவ்வளவு வரும் என்பது சாப்பிடுமுன்பே தெரியும். 1801-02இல், போர் ஓய்ந்த காலத்தில் பாரிஸ் போன ஆங்கிலேயர் பிரான்சிஸ் பிளாக்டன், பொவிலியே கடையின் பட்டியலை வரிசையாகத் தன் பயண நூலில் பெயர்த்துப் போட்டார். கோயிலையும் கோட்டையையும் வருணிப்பதற்கான பக்கங்களில் ஒரு ஹோட்டல் மெனு! ரெஸ்டாரண்ட் அப்போதே பாரிஸில் பார்க்க வேண்டிய பொருளாகிவிட்டது.

இங்கே ஒரு மறுப்பு வரும். புரட்சியில் பிரபுக்கள் ஓடிப்போனார்கள், வேலையிழந்த சமையல்காரர்கள் தெருவுக்கு வந்து கடை திறந்தார்கள், அதுதானே ரெஸ்டாரண்டின் பிறப்பு என்பார்கள். காலக்கணக்கு இதற்கு ஒத்துவரவில்லை. ரோஸ் தெ ஷாந்துவாசோவுக்கும் புரட்சிக்கும் இடையே இருபது ஆண்டுக்கு மேல். பொவிலியேயும் 1789க்கு முன்பே கடைக்காரர். ஆனால் புரட்சிக்குப் பங்கே இல்லை என்று சொல்லவும் முடியாது. 1791இல் கைத்தொழில் சங்கங்களின் கட்டுப்பாடுகள் ஒழிந்தன. யார் எதைச் சமைத்து விற்பது என்ற வேலி விழுந்தது. கோந்தே இளவரசரின் சமையல்காரர் மெயோ போன்றவர்கள் உண்மையிலேயே கடைத்தெருவுக்கு வந்தார்கள். மாகாணங்களிலிருந்து வந்து குவிந்த மக்கள் பிரதிநிதிகளுக்கு வீடு தலைநகரில் இல்லை, பசி இருந்தது. புரட்சி ரெஸ்டாரண்டைப் பெற்ற தாய் அல்ல, வளர்த்த செவிலி. இதே வகையைச் சேர்ந்ததுதான் ‘பிஸ்த்ரோ’ கதையும். 1814இல் நகரைப் பிடித்த ரஷ்யச் சிப்பாய்கள் ‘பீஸ்த்ர, பீஸ்த்ர’ என்று அவசரப்படுத்தியதால் அந்தப் பெயர் வந்ததாம். அந்தச் சொல் எழுத்தில் தலைகாட்டுவது 1880களில்தான். எழுபது ஆண்டு வாயைத் திறக்காமல் எந்தச் சொல்லும் காத்திருக்காது.

இதைவிடக் கனமான மறுப்பு பெண்களைப் பற்றியது. சின்ன மேசை வந்ததால் தம்பதி வந்தார்கள் என்கிறாயே, அந்த மேசையில் அமர்ந்தவள் மனைவிதானா? ரெஸ்டாரண்டுகளின் மாடியில் ‘கபினே பர்த்திக்யுலியே’ என்ற தனியறைகள் இருந்தன. தாழ்ப்பாளும் சோபாவும் உள்ள அந்த அறைகளில் நடந்தது பெரும்பாலும் மனைவிக்குத் தெரியக்கூடாத விருந்து. 19ஆம் நூற்றாண்டு நாவல்களும் கேலிச்சித்திரங்களும் இதைச் சொல்லி மாளாது. இதை நான் மறைக்கப்போவதில்லை. ஆனால் தனியறையைப் பற்றி எழுதிய அதே வெளிநாட்டார், கீழே பொதுக்கூடத்தில் கண்டதைப் பற்றி அதைவிட வியந்து எழுதினார்கள். மரியாதையான குடும்பப் பெண்கள் கணவனோடு, சில சமயம் குழந்தைகளோடு, கண்ணாடி பதித்த கூடத்தில் எல்லோர் கண்ணெதிரே சாப்பிட்டார்கள். லண்டனிலும் நியூயார்க்கிலும் இருந்து வந்தவர்களுக்கு அது நம்பமுடியாத காட்சி. நியூயார்க்கின் பெரிய ரெஸ்டாரண்ட் ஒன்றில் ஆண்துணை இல்லாமல் ஒரு பெண்கள் சங்கம் மதிய உணவு உண்டதே 1868இல் செய்தியாயிற்று. பாரிஸும் அந்த விஷயத்தில் சொர்க்கம் அல்ல. தனியாக வரும் பெண்ணை அங்கேயும் சந்தேகக் கண்ணோடுதான் பார்த்தார்கள். எந்தக் காபிக்கடைக்குப் பெண்கள் போகலாம், எந்த வீதியின் எந்தப் பக்கத்தைத் தவிர்க்க வேண்டும் என்று பெடேக்கர் வழிகாட்டி நூல் சொல்லிக்கொடுத்தது. ஆகவே அந்த மேசையின் சலுகை பெண்ணுக்குக் கிடைத்ததல்ல, இணைக்குக் கிடைத்தது. கணவன் அவளுக்கு நுழைவுச்சீட்டு. ஒருவிதத்தில் அவளும் அவனுக்கு நுழைவுச்சீட்டு: மனைவியோடு வந்தவனைப் பார்த்து இவன் எதற்கு வந்திருக்கிறான் என்று யாரும் கேட்பதில்லை. இணை என்பது பொது இடத்தில் செல்லுபடியாகும் ஓர் அலகாக மாறிய இடம் அது. தனித்தவளை வெளியே நிறுத்தித்தான் அது மாறியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஐரோப்பாவுக்கு வெளியே பார்த்தால் இந்தப் பெருமையெல்லாம் கொஞ்சம் சுருங்கும். சோங் அரசர்கள் காலத்தில் கைஃபெங்கிலும் ஹாங்சௌவிலும், பாரிஸுக்கு ஆறேழு நூற்றாண்டு முன்பே, அவரவர் கேட்டதைக் கொண்டுவந்து வைக்கும் பெரிய உணவகங்கள் இருந்தன. ரெஸ்டாரண்டை உலகுக்குத் தந்தது பிரான்ஸ் என்ற பேச்சைச் சீனத்து நகரக் குறிப்புகள் உடைத்துவிடும். என் வாதம் அதைச் சார்ந்து நிற்கவில்லை. ஐரோப்பியப் பயணம் எந்த உருவில் இருந்தது, எந்த உருவுக்கு மாறியது என்பதுதான் இங்கே கேள்வி. பழைய உருவம் ‘பெரும் சுற்று’. பணக்கார வீட்டு இளைஞன், வாத்தியார் ஒருவர் துணையாக, மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் பாரிஸ், வெனிஸ், ரோம் என்று சுற்றுவான். அவன் சாப்பாடு கையில் இருந்த அறிமுகக் கடிதங்களைப் பொறுத்தது. கடிதம் இருந்தால் சீமான் வீட்டு விருந்து, இல்லாவிட்டால் விடுதிப் பந்தி. கணவன் மனைவியாகப் போனவர்களும் உண்டு. ஆனால் ஊரில் உறவும் தெரிந்தவரும் இல்லாத நடுத்தரக் குடும்பத்து இருவர், நான்கு நாளுக்கு அங்கே போய் என்ன செய்வார்கள், எங்கே சாப்பிடுவார்கள் என்ற கேள்விக்கு அந்தக் காலத்தில் விடை இல்லை. விலைப்பட்டியல்தான் அந்த விடை. அறிமுகக் கடிதம் செய்த வேலையை அது காசுக்குச் செய்தது.

அப்படியானால் ரயிலுக்கு என்ன பங்கு, எல்லாம் ரயில் கொண்டுவந்ததுதானே என்று கேட்பது நியாயம். பயண ஏற்பாட்டாளர் தாமஸ் குக் 1855இல் பாரிஸ் உலகக் கண்காட்சியை ஒட்டி முதன்முதலாக ஐரோப்பியப் பெருநிலத்துக்குப் பயணிகளை அழைத்துப்போனார். 1861இல் உழைப்பாளிகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பாரிஸுக்குக் கூட்டிப்போனார். ரயில் இல்லாமல் இது நடக்காது, மறுக்க ஒன்றுமில்லை. ஆனால் குக்கின் பயணிகள் எங்கே சாப்பிட்டார்கள் என்று பாருங்கள். 1868இல் அவர் கொண்டுவந்த ஹோட்டல் கூப்பன் அறைக்கும் உணவுக்கும் சேர்த்து. கூப்பனுக்குக் கிடைத்தது ஹோட்டலின் தாப்ல் தோத், அதாவது குறித்த மணிக்கு நீள மேசை. மெர்சியே திட்டிய பந்தி ரயிலேறித் திரும்பி வந்துவிட்டது! ரயிலின் இயல்பு கூட்டம் சேர்ப்பது. கூட்டத்தைக் கொண்டுவந்து இறக்குவதோடு அதன் வேலை முடிந்தது. கூட்டத்திலிருந்து இருவரைப் பிரித்து எதிரெதிரே உட்காரவைத்தது வேறொன்று. அந்த ‘வேறொன்று’ சாதாரணக் காசுக்கும் எட்டியது 1850களின் நடுவில், துய்வால் என்ற இறைச்சிக்கடைக்காரர் தொடங்கிய ‘பூயோன்’களால். பூயோன் என்றாலும் சூப்புதான். சொல் சுற்றிச் சுற்றி அதே சட்டியில் விழுகிறது. வெள்ளைத் தொப்பி போட்ட பணிப்பெண்கள், குறைந்த விலை, ஒவ்வொரு தட்டையும் குறித்துக்கொள்ளும் அச்சிட்ட சீட்டு, சுத்தம். பிரெஞ்சு சரியாக வராத வெளிநாட்டு எழுத்தரும் அவர் மனைவியும் ஏமாறாமல் சாப்பிட்டு எழ முடிந்தது.

மேசை தயாரான பிறகு நகரம் அதைச் சுற்றித் தன்னை அடுக்கிக்கொண்டது. 1853 முதல் 1870 வரை நகர ஆட்சியராக இருந்த ஓஸ்மான் பழைய சந்துகளை இடித்து அகன்ற சாலைகளைப் போட்டார். படை நடத்தவும் சாக்கடை போடவும் நிலவிலை ஏறவும் செய்த வேலை அது. தம்பதிகளை மனத்தில் வைத்து அல்ல. ஆனால் அந்தச் சாலைகளின் ஓரத்தில் எரிவாயு விளக்கும் அகன்ற நடைபாதையும் அதன்மேல் காபிக்கடை நாற்காலிகளும் வந்ததும், இரவுச் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் இருவர் நடக்க இடம் கிடைத்தது. எதைப் பார்ப்பது என்பதில் மட்டும் அக்காலத்து ரசனை நம்மைத் திடுக்கிட வைக்கும். 1867 கண்காட்சியை ஒட்டிச் சாக்கடையைப் பார்க்கச் சுற்றுலா விட்டார்கள். சீமாட்டிகள் படகேறிப் போனார்கள். நோத்ர் தாமுக்குப் பின்னால் இருந்த பிணவறையில் அடையாளம் தெரியாத சடலங்களைக் கண்ணாடிக்குப் பின்னால் கிடத்தியிருந்தார்கள். 1907இல் மூடும்வரை அது கூட்டம் குறையாத காட்சி. காதல் நகரம் என்ற பட்டத்தோடு இதைச் சேர்த்துப் பார்க்கலாம். உண்மையான காதல் சின்னம் ஒன்றையும் வியாபாரக் கண்ணோடுதான் கொண்டுவந்தார்கள். ஊருக்கு வெளியே திறந்த பேர் லஷேஸ் இடுகாட்டில் புதைக்க ஆள் வரவில்லை என்று 1817இல் 12ஆம் நூற்றாண்டுக் காதலர் அபெலார், எலோயிஸ் ஆகியோருடையவை எனப்பட்ட எலும்புகளை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ஆள் வரத் தொடங்கியது, இறந்தவரும் இணையாக உலாவ வந்தவரும். 1889 கண்காட்சிக்கு எழுந்த ஐஃபல் கோபுரத்தின் முதல் தளத்திலேயே பிரெஞ்சு, ரஷ்யம், ஃபிளெமிஷ், ஆங்கில-அமெரிக்கம் என நான்கு சாப்பாட்டுக் கூடங்கள் வைத்தார்கள். முந்நூறு மீட்டர் இரும்பு கட்டியவருக்கும், ஏறி வருபவர் அங்கே சாப்பிட உட்காருவார் என்பது சொல்லாமலே தெரிந்திருந்தது.

அதற்குப் பின் தராசின் தட்டு மறுபக்கம் சாய்ந்தது. டயர் கம்பெனியான மிஷ்லன் 1900இல் கார் ஓட்டிகளுக்கு ஓர் இலவசக் கையேட்டைக் கொடுத்தது. டயர் தேய வேண்டுமானால் வண்டி ஓட வேண்டுமே! 1926இல் நல்ல சாப்பாட்டுக்கு நட்சத்திரம் போட்டது, 1931இல் அதை மூன்று படியாக்கியது. ஒரு நட்சத்திரம் நன்று, இரண்டு என்றால் வழியை விட்டு விலகிப் போகலாம், மூன்று என்றால் அதற்காகவே பயணம் புறப்படலாம். இதே கம்பெனியின் ஊர் வழிகாட்டிகளும் தேவாலயத்தையும் கோட்டையையும் கிட்டத்தட்ட இதே சொற்களால், இதே மூன்று நட்சத்திரத்தால்தான் அளக்கின்றன. ஒரு சாஸுக்கும் ஒரு கோபுரத்துக்கும் ஒரே முழக்கோல். ஊர் பார்க்கப் போன இடத்தில் சாப்பிடுவது போய், சாப்பிடப் போன இடத்தில் ஊர் பார்ப்பதும் உண்டு என்றானது. இதற்கெல்லாம் பிறகுதான் ‘காதல்’ வருகிறது. ராபர்ட் துவானோ 1950இல் நகரமன்றத்தின் முன் முத்தமிடும் இருவரைப் படமெடுத்தது ஓர் அமெரிக்கப் பத்திரிகைக்காக. அந்த இருவரைச் சொல்லிவைத்து நிற்கவைத்து எடுத்தது என்பது 1990களில் வழக்கு வந்தபோது வெளியே தெரிந்தது. அதற்குள் அது இலட்சக்கணக்கான சுவர்களில் சுவரொட்டியாக ஒட்டப்பட்டிருந்தது. போன்-தெ-ஸார் பாலத்தில் பூட்டுப் போடும் வழக்கம் இன்னும் இளையது. 2008 வாக்கில் தொடங்கியது. 2014இல் கம்பிவேலியின் ஒரு பகுதி பாரம் தாங்காமல் சரிந்தது. மறு ஆண்டு நகராட்சி கழற்றிய பூட்டுகள் சுமார் 45 டன். பூட்டுகளைப் பார்த்துவிட்டு இந்த ஊரின் இயல்பே இது என்பவர், மேசைக்கு இருநூற்று ஐம்பது வயது என்பதை மறந்துவிடுகிறார்.

மேசை சிறியதானபோது இன்னொன்றும் நடந்தது. பந்தியில் விடுதிக்காரர் கூடவே உட்கார்ந்தார். சோறு எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்தது. ரெஸ்டாரண்ட் சமையலறையைக் கதவுக்குப் பின்னால் தள்ளியது. இருவருக்கு உலகத்தில் வேறு யாருமே இல்லை என்ற உணர்வு வேண்டுமானால் இருபது பேர் கண்ணில் படாமல் உழைத்தாக வேண்டும். ஜார்ஜ் ஆர்வெல் 1933இல் வெளிவந்த தன் முதல் நூலில் எழுதியது பாரிஸ் ஹோட்டல் ஒன்றின் நிலவறையில் தட்டு கழுவியவர்களைப் பற்றி. 1980கள் முதல் அந்த நிலவறையில் நம் மொழி கேட்கிறது. போரிலிருந்து தப்பிவந்த ஈழத்தமிழர் பலருக்கு முதலில் கிடைத்த வேலை இதுதான். அவர்கள் வழக்கில் அதற்குப் பெயர் ‘கோப்பை கழுவுதல்’. கழுவியவர்கள் காய் வெட்டினார்கள், பிறகு அடுப்பில் நின்றார்கள். இன்று வெங்காய சூப்பும் வாத்தும் சமைப்பவர் யாழ்ப்பாணத்தவராக இருப்பது பாரிஸில் அதிசயமில்லை. அந்தச் சின்ன மேசையிலும் பந்தியின் மிச்சம் ஒன்று இருக்கிறது. விலைப்பட்டியலில் பெயர் இல்லாமல், யாரும் கேட்காமல், எந்த மேசைக்கும் ஒன்றுபோல் கூடையில் வந்து உட்காரும் ரொட்டிதான் அது. 2023இல் பாரிஸின் சிறந்த பகெத் ரொட்டிக்கான நகராட்சிப் பரிசை வென்று, ஓராண்டுக்கு அதிபர் மாளிகைக்கு ரொட்டி கொடுக்கும் உரிமை பெற்றவர் இலங்கையில் பிறந்த தர்சன் செல்வராஜா.